பாலக்காட்டுப் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு: ஐப்பசியில் கல்யாணப் பெண்ணுக்கு வீட்டிலேயே ஓர் அலங்காரம்

கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்தோ, ஐஐடியில் சேர்ந்தோ, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்தோ வாளையார் எல்லையைத் தாண்டி வந்திருக்கும் நம்மவர்கள் ஐப்பசி நெருங்கினால் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கல்யாணம் நிச்சயமான தோழிக்கு வீட்டிலேயே ப்ரைடல் ஷவர், அதாவது கல்யாணத்துக்கு முன்னால் தோழிகள் கூடிப் பெண்ணுக்கு வைக்கும் விருந்து, வைக்க வேண்டும். இலையுதிர் கால அலங்காரம்தான் வேண்டும் என்று பெண் ஆசைப்படுகிறாள். கையில் காசு குறைவு, ஊரும் புதிது. எங்கே போய் என்ன வாங்குவது?

முதலில், ஆன்லைனில் பிளாஸ்டிக் மேப்பிள் இலைச் சரத்தைத் தேடுவதை நிறுத்துங்கள். அமெரிக்காவில் மேப்பிள் இலையும் பூசணியும் சோளக்கதிரும் அலங்காரத்துக்கு வந்தது, அக்டோபரில் அங்கே அவை தோட்டத்திலும் வயலிலும் கிடப்பதால்தான். அதே மாதத்தில் இங்கே கிடப்பது நெற்கதிர், பலாவிலை, பாக்குமட்டை, செண்டுமல்லி. நிறம் அதே பொன்னும் செம்பழுப்பும்தான். பெரும்பாலானவற்றுக்குக் காசே வேண்டாம். பக்கத்து வீட்டில் வாய் திறந்து கேட்டால் போதும். புது ஊரில் நாலு பேரைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சாக்கும் கிடைக்காது. இங்கே சித்தூர் தாலுகாவில் நிறையப் பேருக்குத் தமிழ் தெரியும், பயப்பட வேண்டாம். தெரியாத இடத்தில் "குறச்சு பிலாவில எடுத்தோட்டே சேச்சி?" (கொஞ்சம் பலாவிலை எடுத்துக்கொள்ளட்டுமா அக்கா?) என்று கேளுங்கள். எடுத்துக்கொள்ளச் சொல்வதோடு, யாருக்குக் கல்யாணம், என்றைக்கு என்றும் விசாரிப்பார்கள்.

நெல்லிலிருந்து தொடங்கலாம். மலையாளக் கணக்கில் கன்னி மாதம், நம் புரட்டாசி, இந்தப் பக்கம் முதல் போக அறுவடைக் காலம். மாதம் பிறந்ததுமே வயல்காரரிடம் சொல்லி வையுங்கள். அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டால் கதிரும் போச்சு, வைக்கோலும் நசுங்கிப் போச்சு. அதற்கு முன்பே வரப்போரமாக நாலைந்து பிடி அரிவாளால் அறுத்துத் தரச் சொல்லுங்கள். தாள் நீளமாக இருக்கட்டும். நன்றாக முற்றிய கதிர் தொட்டாலே மணி உதிரும். நுனி பொன்னிறமாகி அடியில் இரண்டொரு பச்சை மணி இருக்கும் கதிரைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பிடியையும் கதிரின் கழுத்துக்குக் கீழே சணல் நூலால் இறுக்கிக் கட்டி, தலைகீழாக நிழலில் நாலைந்து நாள் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். இந்த ஊர் வீடுகளில் கதிர்க்குலை என்று உத்தரத்தில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், கதிரை அடுக்கடுக்காகப் பின்னிச் செய்வது. அந்தப் பின்னல் கைவர நாளாகும். நமக்கு வெறும் பிடிக்கட்டே போதும், ஜன்னல் கம்பிக்கு ஒன்றாகக் கட்டினால் கூடமே மாறிப்போகும். எலிக்கு எட்டாத உயரத்தில் மட்டும் கட்டுங்கள்.

மேப்பிளுக்குப் பதில் குரோட்டன்ஸ். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் ஒரே செடியில் கிடைக்கும், வேலியோரமெல்லாம் நிற்கும். ஒடித்தால் வரும் பால் துணியில் பட்டால் கறை போகாது, சிலருக்குத் தோலும் அரிக்கும். அதனால் முதல் நாள் மாலையே பறித்து, காம்பைத் தண்ணீரில் அலசி வைத்துவிடுங்கள். வாதாம் மரத்தடியில் தேடினால் ரத்தச் சிவப்பில் அகலமான இலை அகப்படும். பழுத்து விழுந்த பலாவிலையோ வருஷம் முழுக்க உண்டு. பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக்குழவியோ புத்தகக் கட்டோ ஏற்றி ஒரு வாரம் விட்டால் சுருளாமல் காயும். காயாத பலாவிலையில் இன்னொரு வேலையும் உண்டு. இங்கே கஞ்சி குடிக்க இலையை மடிப்பது போலக் கூம்பாகச் சுருட்டி, தென்னை ஈர்க்கால் ஒரு குத்துக் குத்துங்கள். இருபது முப்பது கூம்பு செய்து சணல் கயிற்றில் வரிசையாகக் கோத்து, ஒவ்வொன்றிலும் ஒரு செண்டுமல்லி வையுங்கள். பெண் உட்காரும் இடத்துக்குப் பின்னால் கட்ட இதைவிட அழகான சரம் கடையில் இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே யோசியுங்கள். சுபகாரியத்துக்குச் சருகு கட்டுகிறார்களே என்று பாட்டிமார் முகம் சுளிப்பார்கள். அவர்கள் மனம் கோணக் கூடாது. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வாசலில் பச்சை மாவிலையும் குருத்தோலையும் மட்டும் கட்டி, காய்ந்ததையெல்லாம் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். நடு மேஜைக்கு நிறபற வைத்தால் எல்லோருக்கும் திருப்தி. பறை என்னும் நெல் அளக்கும் பாத்திரம் நிறைய நெல்லைக் குவித்து, நடுவில் தென்னம்பாளைக் கொத்தை நிமிர்த்தி வைப்பது கேரளக் கல்யாணங்களில் வழக்கம். பறை என்றால் பத்து இடங்கழி (இடங்கழி என்பது இங்குள்ள சின்ன அளவுப் படி), அவ்வளவு நெல் நம்மிடம் இருக்காது. ஓர் இடங்கழிப் பாத்திரத்தை இரவல் வாங்கிச் சின்னதாகச் செய்யலாம். அதன் இரு பக்கமும் அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி) இரண்டு. இங்கே கடையில் மத்தங்கா என்று கேளுங்கள். காம்போடு, கீறல் இல்லாமல், சின்னதாகப் பார்த்து எடுங்கள். முழுக்காய் வாரக்கணக்கில் கெடாது, குடைந்தால் மறுநாளே அழுகும். ஆகவே வெட்ட வேண்டாம். விசேஷம் முடிந்ததும் வன்பயறு போட்டு எரிசேரி வைத்துக்கொள்ளலாம்.

விளக்குக்குக் கொட்டாங்குச்சி. மூன்று கண்ணுள்ள மூடியை எடுத்து, வெளிநாரை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி, இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் கருந்தேக்கு நிறம் வரும். உள்ளே ஒரு பிடி மணல், மணல்மேல் ஓர் அகல். கார்த்திகை தீபம் அடுத்து வருவதால் அகல் எங்கும் மலிவாகக் கிடைக்கும். வைக்கோலும் கதிரும் இருக்கும் பக்கம் நெருப்பு போகவே கூடாது. குழந்தைகள் வரும் வீடென்றால் மின்சாரச் சரவிளக்கு போதும்.

செண்டுமல்லியைக் கோவை பூ மார்க்கெட்டிலிருந்து யாராவது வரும்போது வாங்கிவரச் சொன்னால் லாபம். ஆயுத பூஜை, தீபாவளிக்கு முந்தின நாள்களில் விலை ஏறும், அந்தத் தேதிகளைத் தவிருங்கள். ஒரு வாசலுக்கு ஒன்றரைக் கிலோ உதிரிப்பூ தாராளம். கூட வாடாமல்லி கால் கிலோ கலந்தால் நிறம் எடுக்கும்.

பின்திரைக்கு வீட்டில் இருக்கும் கசவு வேட்டியோ அரிசிக்கடைச் சணல் சாக்கோ போதும். வாடகைச் சுவரில் ஆணி அடிக்காதீர்கள். ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். பெயர் எழுதத் தெர்மாகோல் வேண்டாம். அலங்காரத் தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குக் கேரளத்தில் 2020 ஜனவரியிலேயே தடை வந்துவிட்டது. பாக்குமட்டையை ஊறவைத்து, பலகையில் நிமிர்த்திக் காயவைத்து, அதில் சுண்ணாம்புக் குழம்பால் பெயர் எழுதுங்கள்.

நேரம் குறிக்கும்போது வானத்தையும் பாருங்கள். ஐப்பசி என்றால் இங்கே துலாவர்ஷம், அதாவது வடகிழக்குப் பருவமழை. காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும், மூன்று மணிக்கு மேல் இடியோடு கொட்டும். முற்றத்தில் எதைக் கட்டினாலும் பகல் சாப்பாட்டுக்குள் விசேஷத்தை முடித்துக்கொள்வது நல்லது. காகிதத்தில் செய்ததை வெளியே கட்டவே கட்டாதீர்கள், ஈரக்காற்றுக்கே தொய்ந்துவிடும்.

எல்லாம் முடிந்து பிரிக்கும்போது, தவறி வந்த பிளாஸ்டிக் இருந்தால் கழுவிக் காயவைத்து, வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் கழிவு வாங்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் கொடுங்கள். அதற்கான மாதக் கட்டணத்தைக் கட்டி வையுங்கள், புதிதாக வருகிறவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நெல்லை உருவிக் குருவிக்குப் போடலாம். வைக்கோலை மாடு வைத்திருக்கும் வீட்டில் கொடுங்கள். நூல், குண்டூசி எதுவும் அதில் இருக்கக் கூடாது. குரோட்டன்ஸ் இலையும் கலக்கக் கூடாது, அது மாட்டுக்கு ஆகாது.