மகளின் சுருள்முடிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டில் மகளுக்கு மட்டும் ஸ்பிரிங் போல இறுகிச் சுருண்ட முடி. அதைச் சிக்கெடுத்து நேராக்கும் விதம் இது. உலர்ந்த தலையில் சீப்பை வைக்காதீர்கள்; வைத்த பாவத்துக்கு என் சீப்பு பல்லை இழந்தது. நனைத்து, கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, எட்டுப் பாகமாகப் பிரித்துக் கிளிப் போடுங்கள். முதலில் விரல், பிறகே அகலப் பல் சீப்பு. நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல வேர் வரை. அவசரம் இங்கேதான் முடியை அறுக்கும். அலசி, பருத்திச் சட்டையால் ஒற்றி, வெப்பக் காப்புக் கிரீம் பூசி, முடியை இழுத்துப் பிடித்தபடி மிதமான சூட்டில் டிரையர். துளி ஈரம் இருந்தாலும் ஸ்ட்ரெய்ட்னர் வேண்டாம். 'உஸ்' என்று கேட்டால் முடி வேகிறது. 180 டிகிரிக்குள், மெல்லிய கற்றைக்கு ஒரே இழுப்பு. ஏர்கான் அறையில் செய்யுங்கள். இவ்வளவும் செய்து தேக்கா போய் வருவதற்குள், நம் ஊர்ப் புழுக்கத்தில் காதோரம் மறுபடி சுருண்டிருக்கும். அவளுக்கு அதுதான் பிடிக்கிறது.