பழனிக்கு நடக்கப் போகிறவர்களுக்கு: நாள் குறிப்பதிலிருந்து மலை ஏறுவது வரை

காரைக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பதினொரு வருஷமாகத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய் வருகிறேன். மார்கழி பிறந்துவிட்டால் ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள், "அக்கா, இந்த வருஷம் நானும் வரட்டுமா? என்னென்ன செய்யணும்?" என்று கேட்பார்கள். அளவெடுத்துக்கொண்டே அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கிளம்பும் நாளை முதலில் குறிக்காதீர்கள். பழனியில் என்றைக்குக் கால் வைக்கவேண்டும் என்று முடிவு பண்ணுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பழனியில் பூசத் திருவிழா பத்து நாள். ஊருக்குள் இருக்கிற பெரியநாயகி அம்மன் கோயிலில் கொடி ஏறும். ஏழாம் நாள் பூசம், அன்றைக்குத்தான் தேர். தேர் பார்ப்பதாக நேர்ந்துகொண்டிருந்தால் கூட்டத்துக்கு மனசைத் தயார் பண்ணிக்கொண்டுதான் போகவேண்டும். மலைமேல் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கவேண்டி வரும். எட்டு நாள் நடந்த காலுக்கு நடப்பதைவிட நிற்பதுதான் பெரிய வேதனை. எனக்கு முருகன் முகத்தை நின்று பார்த்தால் போதும். அதனால் பூசத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுவோம்.

2026-இல் பூசம் பிப்ரவரி 1-ஆம் தேதி வந்தது. ஜனவரி 30 பழனி என்று வைத்துக்கொண்டு, எட்டு நாள் பின்னால் எண்ணி 23-ஆம் தேதி கிளம்பினோம். காரைக்குடியிலிருந்து பழனி 160 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஆறு நாளில் நடக்கிற இளவட்டங்களும் உண்டு. நாற்பது வயசைத் தாண்டியவர்கள், முதல் தடவை வருகிறவர்கள் எட்டு நாளுக்குக் குறைத்துத் திட்டம் போடாதீர்கள்.

பூசம் எப்போது வருகிறது என்பதும் ஒரு கணக்கு. 2024-இல் ஜனவரி 25-ஆம் தேதியே வந்துவிட்டது. பொங்கல் முடிந்த கையோடு கிளம்பவேண்டியிருந்தது. பொங்கலுக்கு முன் இரண்டு வாரம் ராத்திரி பன்னிரண்டு மணி வரை மிஷின் மிதித்தவள் நான். நடந்து பழகவே நேரம் கிடைக்கவில்லை. அந்த வருஷம் பட்ட கஷ்டம் வேறு எந்த வருஷமும் பட்டதில்லை. 2025-இல் பிப்ரவரி 11, பழக நிறைய நாள் இருந்தது, ஆனால் வெயில் ஏறிவிட்டது. ஆக, பூசம் முன்னாடி வந்தால் கார்த்திகையிலேயே நடந்து பழக ஆரம்பியுங்கள். பின்னாடி வந்தால் நடக்கிற நேரத்தை இன்னும் விடியலுக்குத் தள்ளுங்கள்.

நிலாவையும் கணக்கில் வைக்கவேண்டும், இதைப் பலர் யோசிப்பதில்லை. பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் "வழியெல்லாம் நிலா வெளிச்சம் இருக்கும்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாம் கிளம்பும்போது வளர்பிறையின் ஆரம்பம். நாங்கள் புறப்பட்ட 23-ஆம் தேதி பஞ்சமி. ராத்திரி பதினொரு மணிக்குள் நிலா மறைந்துவிடும். மூன்று மணிக்கு எழுந்து நடந்தால் கும்மிருட்டு. அதனால் முதல் நாலு நாள் சாயங்காலம் நாலரையிலிருந்து எட்டு வரை நிலா வெளிச்சத்தில் கூடுதலாக நடப்போம். விடிகாலையில் டார்ச்சோடு கொஞ்சம் தாமதமாகக் கிளம்புவோம். திண்டுக்கல் தாண்டிய பிறகு நிலா நடுராத்திரியைத் தாண்டியும் இருக்கும், ஆனால் விடியுமுன்னே மறைந்துவிடும். அப்போது மூன்று மணிக்கு நடந்தாலும் டார்ச் கையில் இருக்கட்டும்.

எங்கள் பாதை குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, சமுத்திராப்பட்டி, நத்தம், கோபால்பட்டி, சாணார்பட்டி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, ஆயக்குடி வழியாகப் போகும். 400 வருஷத்துக்கு மேலாக நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து கிளம்பி வருகிற தடம் இது. அதனால் தங்க இடமும் சாப்பாடும் தருகிற பழக்கம் வழியோர ஊர்க்காரர்களுக்கு ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. நத்தம் பக்கம் மாந்தோப்பில் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம். ஆனால் தோப்பை நம்பிப் போகாதீர்கள், பனி இறங்கும். இரவு தங்க மண்டபமோ சத்திரமோ பள்ளிக்கூடமோ எது என்று குழுவில் ஒருவர் முன்கூட்டியே பேசி வைத்திருக்கவேண்டும்.

முதல் நாளைச் சின்னதாக வையுங்கள். நாங்கள் முதல் ராத்திரி பிள்ளையார்பட்டியிலேயே தங்கிவிடுவோம். சுமார் 12 கிலோமீட்டர்தான். முதல் வருஷம் நான் அப்படிச் செய்யவில்லை. ஆட்டமும் பாட்டுமாகக் கிளம்பிய வேகத்தில் திருப்பத்தூரையும் தாண்டி நடந்தேன். மறுநாள் சிங்கம்புணரியில் முட்டி மடங்கவில்லை. நத்தம் வரை எப்படியோ இழுத்துப் போய், அங்கே பஸ் ஏறினேன். மற்றவர்கள் அரோகரா சொல்லிக்கொண்டு நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்து அழுதது இன்னும் மறக்கவில்லை. நாலாம் நாளிலிருந்து 25 கிலோமீட்டர் கூட உடம்பு கேட்காமலே போகும். முதல் மூன்று நாள் அதனிடம் அதிகம் கேட்கக்கூடாது.

பழகுவது இப்படி: மாலை போட்ட அன்றே ஆரம்பியுங்கள். முதல் வாரம் தினம் மூன்று கிலோமீட்டர். பிறகு ஐந்து, எட்டு. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால், அடுத்தடுத்து இரண்டு நாள் 15 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். முதல் நாள் எல்லோரும் நடந்துவிடுவார்கள். வலித்த காலோடு மறுநாள் எழுந்து நடப்பதுதான் உண்மையான பழக்கம். கடைசி மூன்று நாள் ஓய்வு.

செருப்பில்லாமல் நடக்கிறவர்கள் அந்தப் பழக்கத்தையும் வெறுங்காலோடுதான் செய்யவேண்டும். பதினொரு மணிக்கு மேல் தார் ரோட்டில் கால் வைக்காதீர்கள். வைத்தே ஆகவேண்டும் என்றால் ரோட்டோரம் போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டின்மேல் நடங்கள். கறுப்புத் தாரைவிட அதில் சூடு குறைவு. சர்க்கரை உள்ளவர்களிடம் கை கூப்பிக் கேட்கிறேன், வெறுங்கால் வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கண்ணாடித் துண்டு ஏறினாலும் தெரியாது. டாக்டரிடம் கேட்டுவிட்டு, பழகின செருப்பைப் போட்டுக்கொண்டு வாருங்கள், முருகன் ஏற்றுக்கொள்வான். புதுச் செருப்பு யாருக்குமே ஆகாது.

ஒவ்வொரு ராத்திரியும் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவி, பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கொப்புளம் வருவதற்கு முன்னால் அந்த இடம் சிவந்து சுடும். அப்போதே பிளாஸ்திரி ஒட்டினால் தப்பித்தீர்கள். வந்துவிட்டால் தோலை உரிக்கவே கூடாது. ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு வைப்பது எங்கள் பக்கம் பழைய வழக்கம். நானும் செய்திருக்கிறேன், ஒரு வருஷம் சீழ் பிடித்தது. அதிலிருந்து சுத்தமான துணி வைத்துக் கட்டுவதோடு சரி.

உடுப்பு விஷயத்தில் என் தொழில் தெரிந்து சொல்கிறேன். சேலை கட்டுகிறவர்களுக்குப் பாவாடை நாடாதான் முதல் எதிரி. மெல்லிய நாடா இடுப்பில் வியர்வையோடு அழுத்தி அழுத்தி மூன்றாம் நாள் தோலை அறுத்துவிடும். இரண்டு விரல் அகலத்துக்குப் பருத்தித் துணியில் பட்டையாகத் தைத்துக் கோத்துக்கொள்ளுங்கள். முடிச்சைத் தினம் ஒரு பக்கம் மாற்றிப் போடுங்கள். சேலையைக் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே ஏற்றிக் கட்டுங்கள். விடிகாலைப் பனியில் நனைந்த ஓரம் காலை உரசி உரசிப் புண்ணாக்கும். தொடை உரசுகிறவர்கள் உள்ளே முட்டிவரை பருத்திக் கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அதைத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனபிறகு கொண்டுவரவேண்டும், புதுசாக வேண்டாம். சாமான் வண்டி கூட வந்தாலும் தோளில் ஒரு பை இருக்கும்: தண்ணீர், துண்டு, டார்ச், பிளாஸ்திரி, தினம் போடும் மாத்திரை, பெயரும் வீட்டு நம்பரும் எழுதிய சீட்டு. அவ்வளவுதான்.

பெண்களுக்கு இன்னொன்று. ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் நடக்காதீர்கள். எங்கள் குழுவில் ஒரு அம்மா அப்படி நடந்து நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டார். பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், கோயில், எங்கே கழிப்பறை கண்டாலும், தேவை இல்லையென்றாலும் போய்விட்டு வாருங்கள். மாதவிலக்கு வழியில் வந்தால் என்ன செய்வது என்பதைக் கிளம்பும் முன்னாலேயே குருசாமியிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வழக்கம். நடுவழியில் கேட்டு மனம் நோகவேண்டாம்.

வழியில் அன்னதானத்துக்குக் குறைவே இருக்காது. கொடுக்கிறார்களே என்று எல்லா இடத்திலும் சாப்பிட்டால் வயிறு கெடும். காலையில் கஞ்சி, வெயிலில் மோர், பானகம், ராத்திரி இட்லி என்று வைத்துக்கொண்டால் போதும்.

ரோட்டில் வலது ஓரம் நடங்கள், எதிரே வருகிற வண்டி கண்ணில் படும். போலீஸ்காரர்கள் வேறு பக்கம் போகச் சொன்னால் மறுபேச்சில்லாமல் கேளுங்கள். முதுகிலும் பையிலும் ஒளிரும் பட்டை ஒட்டியே ஆகவேண்டும். நாலு பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு நடக்காதீர்கள், ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். தூக்கம் கண்ணைச் சுற்றினால் உடனே உட்காருங்கள். நடந்துகொண்டே தூங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், கால் தானாக நடுரோட்டுக்குப் போகும்.

ஆயக்குடியில் கொய்யாக் கூடைகள் தெரிந்தால் பழனி வந்துவிட்டது. அங்கே ஓடத் தோன்றும், ஓடாதீர்கள். ஊருக்குள் போனதும் குளித்து, திருஆவினன்குடியில் கும்பிட்டு, ஒரு ராத்திரி தூங்கிவிட்டு மறுநாள் மலை ஏறுங்கள். படி 690-க்கு மேல். முட்டி வலிக்கிறவர்களுக்கு யானைப்பாதைதான் நல்லது, படி குறைவு, சரிவாகப் போகும். இறங்கும்போதும் அதிலேயே வாருங்கள். ஏறும்போது தாங்கின முட்டி இறங்கும்போதுதான் கைவிடும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் காலைத் தொங்கப் போட்டே உட்கார்ந்திருந்தால் வீங்கும். பையை முன்னால் வைத்து அதன்மேல் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கால் வைப்பேன். மூன்று நாள் மிஷின் மிதிக்கமாட்டேன். துணி கொண்டுவருகிறவர்களிடம் வாங்கி வைத்துக்கொண்டு, நாலாம் நாள் வரச் சொல்லிவிடுவேன்.