பெரியாக்கள்ட சைக்கிளுக்கு ஸ்ராண்ட்: எது வாங்கிறது, எப்பிடிப் பூட்டிறது

சைக்கிளுக்கு ஸ்ராண்ட் வாங்கப் போற கனபேர் முதல்ல கேக்கிறது விலையைத்தான், கடைக்காரரும் சுவரில தொங்கிறதில ஒண்டைக் கழட்டித் தருவார், காசைக் குடுத்திட்டு வந்திடுவினம். அதுக்கு முதல் யோசிக்கவேண்டியது ரெண்டு விசயம். உங்கட சைக்கிள்ல பாரம் எந்த இடத்தில ஏறுது, நீங்கள் கூடுதலா எந்த மாதிரி நிலத்தில சைக்கிளை விடுறனீங்கள். இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சால் எந்த ஸ்ராண்ட் எண்டது தானா முடிவாகிடும், மினுக்கம், கலர், பிராண்ட் எல்லாம் பிறகு பாக்கலாம்.

ரியூசனுக்குப் போற பிள்ளைக்கு முதுகில ஒரு பாக், கரியர்ல ஒண்டும் இல்லை, சைக்கிள் விடுறது சிமெந்துத் தரையில. அந்தப் பிள்ளைக்கு எந்தச் சைட் ஸ்ராண்டும் காணும். சுன்னாகம் சந்தைக்கு மரக்கறிச் சாக்கு கட்டிக்கொண்டு போறவருக்கோ, தண்ணிக் கான் ஏத்திறவருக்கோ, காஸ் மாத்தப் போறவருக்கோ அது காணாது. காஸ் மட்டுமே 12.5 கிலோ, இரும்புச் சிலிண்டர்ட நிறை வேற சேருது, அவ்வளவும் பின்சில்லுக்கு மேலால உயரத்தில நிக்கேக்க மெல்லிய ஒற்றைக் கால் அதைத் தாங்கும் எண்டு நம்பேலாது.

பாரம் ஏத்திறவைக்கு நான் சொல்லுறது பழைய டபிள் ஸ்ராண்ட்தான். ரலி, ஹம்பர், ஹீரோ, லுமாலா மாதிரிப் பெரிய சைக்கிள்களில பின் அச்சில பூட்டியிருக்கிற, ரெண்டு பக்கமும் கால் இருக்கிற அந்த இரும்பு ஸ்ராண்ட். கரியரைப் பிடிச்சு மிதிச்சு இழுத்தால் பின்சில்லு நிலத்தை விட்டுத் தூக்கி நிக்கும், சைக்கிள் ஒரு பக்கமும் சரியாது, செயினுக்கு எண்ணெய் விடேக்க சில்லைச் சும்மா சுத்தலாம். பெற்றோல் வராத யுத்த காலத்தில விறகு, நெல்லு மூட்டை, வருத்தக்காரர் எண்டு எங்கட சனம் எல்லாத்தையும் சைக்கிள்லதான் கொண்டு திரிஞ்சது, அவ்வளவு பாரத்தையும் நிப்பாட்டி வச்சது இந்த ஸ்ராண்ட்தான், அதாலை பழசெண்டு கழட்டி எறியாதேங்கோ. ஜப்பானில இருந்து வாற பழைய சைக்கிள்களில இதே மாதிரி ஒண்டு லொக்கோட வரும், ஸ்ராண்டைப் போட்ட உடன லொக் விழுந்திடும், தெரியாமல் சைக்கிளை முன்னுக்குத் தள்ளினாலும் மடங்காது, மிச்சம் நல்ல சாமான்.

சைட் ஸ்ராண்ட்ல ரெண்டு வகை. ஒண்டு பெடலுக்குப் பின்னால, நடுவில பூட்டிறது. மற்றது பின்சில்லு அச்சுக்குக் கிட்ட இடப்பக்கக் குழாயளில பூட்டிறது. நடுவில பூட்டிறது லேசு, மலிவு, ஆனா பின்னால பாரம் ஏத்தினால் முன்சில்லு அங்கால இங்கால திரும்பி சைக்கிள் சுழண்டு விழப் பாக்கும். பின்னால பூட்டிறது பாரத்துக்குக் கிட்டவே நிக்கிறதால அந்தப் பிரச்சினை குறைவு, நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரியும் வரும், அதாலை கரியர் இருக்கிற சைக்கிளுக்கு சைட் ஸ்ராண்ட்தான் வேணுமெண்டால் பின்னால பூட்டிறதை எடுங்கோ. நடுவில பூட்டி ரெண்டு காலும் விரியிற வகையும் ஒண்டு இருக்கு, நல்ல உறுதி, எல்லாக் கடையிலயும் கிடைக்காது.

கடைக்குப் போறதுக்கு முதல் சைக்கிளைக் கவிட்டுப் போட்டு ஒருக்கா வடிவாப் பாருங்கோ. பெடல் அச்சுக்குப் பின்னால, பின்சில்லுக்குப் போற ரெண்டு குழாய்க்கும் நடுவில ஓட்டையோட ஒரு தகடு ஒட்டியிருக்கோ எண்டு பாருங்கோ, இருந்தால் நல்லது, ஸ்ராண்டை அதிலயே போல்ட் போட்டுப் பூட்டலாம், குழாய் நசியாது. சில புதுச் சைக்கிள்களில பின் அச்சுக்குக் கிட்ட இடப்பக்கம் ரெண்டு ஓட்டை பக்கத்தில பக்கத்தில இருக்கும், ஒண்டுக்கொண்டு 18 மில்லிமீற்றரோ 40 மில்லிமீற்றரோ தூரம் இருக்கும், அளந்துகொண்டு போய் அதே இடைவெளி இருக்கிற ஸ்ராண்டைக் கேளுங்கோ. டிஸ்க் பிறேக் சைக்கிள் எண்டால் பிறேக் பிடிக்கிற பெட்டி இடப்பக்கம்தான் இருக்கும், ஸ்ராண்ட் அதில முட்டும், அதாலை முடிஞ்சால் சைக்கிளையே கடைக்கு உருட்டிக்கொண்டு போங்கோ. காபன் பிறேமுக்கு குழாயைச் சுத்திப் பிடிக்கிற எந்த ஸ்ராண்டும் வேண்டாம், வெடிச்சிடும்.

இனி நீளம். எவ்வளவு நல்ல ஸ்ராண்ட் வாங்கினாலும் நீளம் பிழைச்சால் சரி, காசு வீண். சைட் ஸ்ராண்ட்ல நிக்கிற சைக்கிள் இடப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சு நிக்கவேணும். நீளம் கூடினால் சைக்கிள் கிட்டத்தட்ட நேரா நிக்கும், பாக்க வடிவா இருக்கும், ஆனா ஒரு சின்னக் காத்துக்கு வலப்பக்கம் போய் விழும். நீளம் குறைஞ்சால் கூடச் சரிஞ்சு, கரியர்ல சாமான் வச்ச உடன பாரம் முழுக்கக் காலில இறங்கி கால் வளையும், இல்லாட்டி மண்ணுக்குள்ள இறங்கும். சில்லு 26 இஞ்சியோ 28 இஞ்சியோ எண்டு பாத்து வாங்கிறது ஒரு தொடக்கம்தான், அதே 26 இஞ்சியில பிறேம் உயரமும் ரயர் மொத்தமும் வித்தியாசம். அதாலை ரயருக்கு நல்லாக் காத்தடிச்சிட்டு, ஒராளைச் சைக்கிளை லேசா இடப்பக்கம் சரிச்சுப் பிடிக்கச் சொல்லி, ஸ்ராண்ட் பூட்டிற இடத்தில இருந்து கால் ஊன்றப்போற இடம் வரைக்கும் ரேப்பால அளவுங்கோ, அந்த அளவோட கடைக்குப் போங்கோ. சரியானது கிடைக்காட்டி நீளமானதை வாங்குங்கோ, நீளத்தை வெட்டலாம், கட்டையை இழுக்கேலாது.

வெட்டிறதெண்டால் முதல்ல அடியில இருக்கிற றப்பரைக் கழட்டிப்போட்டு ஹக்ஸோ பிளேட்டால 5 மில்லிமீற்றர் 5 மில்லிமீற்றரா வெட்டி ஒவ்வொருக்காலும் நிப்பாட்டிப் பாருங்கோ. நிலத்தில கால் படுற சரிவுக்கு ஏத்த மாதிரிக் கொஞ்சம் சாய்ச்சு வெட்டினால் அடி முழுக்க நிலத்தில பதியும். சரியோ எண்டு பாக்க இடப்பக்கம் நிண்டு சீற்றை ரெண்டு விரலால வலப்பக்கத்துக்கு மெல்லத் தள்ளுங்கோ, தள்ளின உடன போய் விழுந்தால் இன்னும் நீளம், கொஞ்சம் எதிர்த்து நிண்டு விட்ட உடன திரும்பி வந்து காலில இருந்தால் காணும். பிறகு கரியர்ல ஒரு 10 கிலோ அரிசிப் பையை வச்சும் பாருங்கோ, வெறும் சைக்கிள்ல பாத்ததை நம்பி வெட்டி முடிக்கவேண்டாம்.

நடுவில பூட்டிற ஸ்ராண்டுக்கு வேலை இப்பிடி. ரெண்டு குழாய்க்கும் மேல ஒரு தகடு, கீழ ஸ்ராண்ட், நடுவால ஒரு மொத்தப் போல்ட், பொதுவா 10 மில்லிமீற்றர் போல்ட்தான் வரும். முதல்ல குழாயைத் துடைச்சு மண்ணெல்லாம் எடுங்கோ, மண் இடையில நிண்டால் பெயின்ற்றை அரைச்சு அந்த இடத்தில துருப் பிடிக்கத் தொடங்கும், எங்கட உப்புக் காத்துக்கு அது கெதியாப் பரவும். பழைய ரியூப்ல மெல்லிசா ஒரு துண்டு வெட்டி இடையில வைக்கலாம், ஒரு மடிப்புத்தான், மொத்தமா வச்சால் ஸ்ராண்ட் திரும்பிக்கொண்டே நிக்கும். பின் பிறேக் கம்பியோ கியர் கம்பியோ அந்த வழியால போகுதெண்டால் அது தகட்டுக்குள்ள நசியாமல் வெளியில எடுத்து விடுங்கோ, இதைப் பாக்காமல் இறுக்கினால் பிறேக் பிடிக்காது. போல்ட்டை முதல்ல கையால இறுக்கி, ஸ்ராண்டைப் போட்டும் தட்டியும் பாத்து, மடிச்சு வச்சிருக்கேக்க கம்பியளில முட்டாமல், பெடலைப் பின்னுக்குச் சுத்தேக்க கிராங்க்ல முட்டாமல் இருக்கிற கோணத்தைப் பிடிச்சுக்கொண்டு பிறகுதான் ஸ்பனர் போடவேணும். போல்ட்ட நுனி மேலால நீட்டிக்கொண்டு ரயரில உரசுதோ எண்டும் பாருங்கோ, உரசினால் வெட்டவேணும்.

எவ்வளவு இறுக்கிறது எண்டதுதான் எல்லாருக்கும் பிழைக்கிற இடம். ஸ்ராண்டைக் கையால திருப்பினால் அசையாத அளவு வந்த உடன நிப்பாட்டுங்கோ. நீளமான ஸ்பனரைப் போட்டு முழுப் பலத்தோட முறுக்கினால் அலுமினியக் குழாய் சத்தமில்லாமல் நசியும், வெளியில சின்னப் பள்ளம் மாதிரித்தான் தெரியும், ஆனா உங்கட பாரம் முழுக்கப் போற குழாய் அது. கடையில பூட்டுவிச்சாலும் பக்கத்தில நிண்டு "அண்ணை, அலுமினியம், பாத்து இறுக்குங்கோ" எண்டு சொல்லுங்கோ, சொல்லுறதில வெக்கப்பட ஒண்டும் இல்லை.

பின்னால பூட்டிற சைட் ஸ்ராண்ட் லேசு, கீழ்க்குழாயையும் மேல இருந்து இறங்கிற குழாயையும் ரெண்டு பிடியால பிடிக்கும், அலன் கீ ஒண்டு காணும், ரெண்டு போல்ட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்கோ.

டபிள் ஸ்ராண்டுக்குப் பின்சில்லு நட் ரெண்டையும் கழட்டவேணும், கனக்கச் சைக்கிளுக்கு 15 ஸ்பனர், பழைய சைக்கிளுக்கு அளவு மாறும், லூசான ஸ்பனர் போட்டு நட்டை உருட்டிப் போடாதேங்கோ. கழட்டேக்க மட்காட் கம்பி, கரியர் கால், வாசர் எல்லாம் எந்த ஒழுங்கில வருது எண்டு ஃபோனில ஒரு படம் எடுத்து வையுங்கோ. ஸ்ராண்ட் சேர்ந்த பிறகு நட் முழுக்க ஏற அச்சில மரை காணுதோ எண்டது முக்கியம், அச்சு நுனி நட்டுக்கு உள்ள போய் நிண்டால் அதை அப்பிடியே ஓடாதேங்கோ, நீள அச்சு மாத்தவேணும். சில்லை அசைச்சபடியால் செயினையும் திருப்பிச் சரிபாக்கவேணும், நடுவில பிடிச்சு மேல கீழ ஆட்டினால் ஒரு அரை இஞ்சி அசையவேணும், சில்லு ரெண்டு பக்கக் குழாய்க்கும் சரி நடுவில நிக்கவேணும், பிறேக் கட்டை ரிம்மில சரியாப் பிடிக்குதோ எண்டும் பாக்கவேணும். ஸ்பிறிங்கைக் குறட்டால இழுத்து மாட்டப் போய் வழுக்கினால் அது கண்ணுக்குத்தான் வரும், ஒரு பலமான கயிற்றை ஸ்பிறிங் கொக்கியில போட்டு இழுத்து மாட்டினால் கையும் தப்பும் கண்ணும் தப்பும்.

பூட்டி முடிஞ்சால் விடுற இடத்தையும் கொஞ்சம் பாக்கவேணும். செம்மண் வளவில மாரிக்கு நிலம் சேறாகிடும், கரையோரப் பக்கம் எப்பவும் மணல், மத்தியான வெயிலில தார் றோட்டுக் கூட இளகும், கூரான கால் எல்லாத்திலயும் இறங்கும். தட்டைக் கல்லோ ஓட்டுத் துண்டோ காலுக்குக் கீழ வைக்கலாம், சிரட்டை வேண்டாம், பாரத்தில உடைஞ்சு வழுக்கும். இரும்பு ஸ்ராண்ட் எண்டால் வெல்டிங் கடையில ஒரு 5 சென்ரிமீற்றர் அகலத் தகட்டை அடியில ஒட்டுவிச்சால் பிறகு அந்தக் கரைச்சலே இல்லை. சோளகம் அடிக்கிற மாசங்களில காத்து சைக்கிள்ட வலப்பக்கம் படுற மாதிரி விடுங்கோ, அப்ப காத்து சைக்கிளைக் காலுக்கு மேலயே அமத்தும், இடப்பக்கம் பட்டால் தூக்கி எறிஞ்சிடும். சரிவான இடத்தில முன்சில்லு மேட்டுப் பக்கம் பாத்து நிக்கவேணும், ஏனெண்டால் சைக்கிள் முன்னுக்கு உருண்டால்தான் ஸ்ராண்ட் மடங்கும். பழைய ரியூப்ல வளையமா ஒரு துண்டு வெட்டி முன் பிறேக்கைப் பிடிச்சு ஹாண்டிலோட சேர்த்து மாட்டி விட்டால் சைக்கிள் உருளவே உருளாது, செலவில்லாத வேலை, எல்லாரும் செய்யலாம்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலுக்குக் கிட்ட வாகனம் விடமாட்டினம், பக்கத்து வளவுகளில சைக்கிளை நெருக்கி நெருக்கித்தான் விடவேணும், அதில நேரா நிக்கிற ஒரு சைக்கிள் விழுந்தால் வரிசையே விழும். அப்பிடியான இடத்துக்குப் போறதுக்கு முதல் உங்கட ஸ்ராண்ட்ட சரிவை ஒருக்காப் பாருங்கோ, விழுந்து உடையிறது மற்றவேன்ர சாமானாவும் இருக்கும்.

இன்னொண்டு, பிள்ளையளைக் கரியர்லயோ பிள்ளை சீற்றிலயோ இருத்திப்போட்டு சைட் ஸ்ராண்ட்ல விட்டிட்டுக் கடைக்குள்ள போகாதேங்கோ. பிள்ளை ஒருக்கா எட்டினால் காணும், சைக்கிள் பிள்ளையோட போகும். இறக்கிக் கையில பிடியுங்கோ.

பூட்டி ஒரு கிழமை ஓடின பிறகு எல்லாப் போல்ட்டையும் திருப்பி ஒருக்கா இறுக்கிப் பாருங்கோ, புதுசு கட்டாயம் கொஞ்சம் இளகியிருக்கும். மடங்கிற இடத்துக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டுக் காணும், கிறீஸ் அப்பினால் மணலைப் பிடிச்சு வச்சு அதே அரைக்கத் தொடங்கும். அடி றப்பர் துலைஞ்சால் உடன வேற ஒண்டு போடுங்கோ, றப்பர் இல்லாட்டி நீளம் குறையிறது மட்டுமில்லை, சீமெந்திலயும் மாபிளிலயும் கால் வழுக்கும்.