ஸ்கூபா பயிற்சியின் நீச்சல் தேர்வு: 200 மீட்டருக்கும் 10 நிமிடத்துக்கும் தயாராவது எப்படி

ஸ்கூபா என்பது முதுகில் காற்று சிலிண்டருடன் நீருக்கடியில் மூழ்கி நீந்துவது. அதன் தொடக்கநிலையான ஓப்பன் வாட்டர் டைவர் பயிற்சியில் சேரும் பலருக்கு அந்த சிலிண்டரைச் சுமப்பதைவிட நீச்சல் தேர்வுதான் பெரிய பயம். ஸ்கூபா பயிற்சிக்குச் சான்றிதழ் தரும் பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) இரண்டு அமைப்புகளும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். எந்த உபகரணமும் இல்லாமல் 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். அல்லது மாஸ்க், ஸ்நோர்க்கல் (முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சுவிட உதவும் குழாய்), ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) அணிந்து 300 மீட்டர். அதோடு, எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும். நேரக் கெடு கிடையாது, எந்த நீச்சல் முறையும் சரி. பயிற்றுநர் பார்ப்பது உங்கள் வேகத்தை அல்ல. நடுநீரில் களைத்தாலும் பதறாமல் இருப்பீர்களா என்பதைத்தான்.

25 மீட்டர் குளத்தில் 200 மீட்டர் என்பது 8 நீளம், 50 மீட்டர் குளத்தில் 4. நீச்சலே தெரியாதவர்கள் முதலில் ஒரு கோச்சிடம் அடிப்படையைக் கற்றுக்கொள்ளுங்கள். கீழே உள்ளது, தட்டுத்தடுமாறியாவது 25 மீட்டர் நீந்துபவர்களுக்கான நான்கு வாரத் திட்டம். வாரம் மூன்று நாள் போதும்.

முதல் வாரம்: மூச்சு

பெரும்பாலானவர்கள் 50 மீட்டரிலேயே திணறுவதற்குக் கை காலில் பலமில்லாதது காரணமல்ல. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். தலையைத் தூக்கிய அந்த ஒரு நொடியில் விடவும் இழுக்கவும் முயல்கிறார்கள். பழைய காற்று முழுதும் வெளியேறுவதில்லை, கரியமில வாயு சேர்கிறது, மூச்சு முட்டுகிறது, பதற்றம் வருகிறது.

மார்பளவு தண்ணீரில் சுவரைப் பிடித்து நில்லுங்கள். முகத்தை நனைத்து, மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் நான்கு எண்ணும்வரை குமிழி விடுங்கள். முகத்தை மேலே கொண்டுவந்து வாயால் காற்றை இழுங்கள். 20 முறை செய்து சற்று ஓய்வெடுங்கள். இப்படி மூன்று சுற்று. பிறகு 25 மீட்டரை மெதுவாக 8 முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே 30 முதல் 45 நொடி ஓய்வு.

கிணற்றிலும் குளத்திலும் நீச்சல் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குத் தண்ணீர்ப் பயம் இருக்காது, அது பெரிய பலம். ஆனால் தலையை வெளியே நிமிர்த்தி நீந்தும் பழக்கம் இருந்தால், இடுப்பும் காலும் கீழே இறங்கி, தண்ணீரை உடம்பால் தள்ளிக்கொண்டே போவீர்கள். பார்வையைக் குளத்தின் தரையை நோக்கித் திருப்பினாலே கால் தானாக மேலே வரும்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: தூரம்

இரண்டாம் வாரம் 50 மீட்டரை 4 முறை, இடையே 30 நொடி ஓய்வு. மூன்றாம் வாரம் 100 மீட்டரை 2 முறை, இடையே ஒரு நிமிடம். முதல் 50 மீட்டரை 'இவ்வளவு மெதுவாகவா' என்று தோன்றும் வேகத்தில் போங்கள். தேர்வில் பாதியில் நிற்பவர்கள் பெரும்பாலும் தொடக்கத்தில் பாய்ந்தவர்கள். மூச்சு வாங்கினால் நிற்காதீர்கள், தவளை நீச்சலுக்கோ மல்லாந்த நீச்சலுக்கோ மாறி அது தணிந்ததும் தொடருங்கள். இந்த மாற்றத்தைப் பயிற்சியிலேயே பழகிவிடுங்கள்.

நான்காம் வாரம்: முழுத் தேர்வு

இரண்டு நாள் 200 மீட்டரை முழுதாக நீந்துங்கள். முடிந்தால் ஒருநாள் 300. குளமில்லாத இடங்களில் தேர்வு கடலில்தான் நடக்கும். அங்கே சுவர் இல்லை. குளத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்துக் கிடைக்கும் சில மீட்டர் இலவச ஓட்டமும் கிடையாது. அதனால் சுவரை உதைக்காமல் திரும்பிப் பழகுங்கள். நீச்சல் கண்ணாடி அணியலாமா என்று பயிற்றுநரிடம் முன்பே கேளுங்கள். இரண்டு மூன்று முறை இல்லாமலும் நீந்திப் பாருங்கள். வெட்சூட் (குளிர் தாங்க அணியும் ரப்பர் உடை) அணிந்தால், அது தரும் மிதப்பைச் சமன்செய்ய எடை கட்டச் சொல்வார்கள் என்பதையும் எதிர்பாருங்கள்.

10 நிமிட மிதவை

இதை முதல் வாரத்திலிருந்தே ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் செய்யுங்கள்: 2 நிமிடத்தில் தொடங்கி, 5, 8, 12 என்று. மல்லாந்து படுத்து, காது நனையும்வரை தலையைப் பின்னால் சாய்த்து, நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக மூச்சுவிடுங்கள். ஒல்லியானவர்களுக்குக் கால் இறங்கும், அது தவறல்ல. கைகளைத் தலைக்கு மேலே நீட்டினால் உடம்பின் எடை நுரையீரல் பக்கம் நகர்ந்து கால் எழும்பும். அப்படியும் இறங்கினால் இடுப்பருகே உள்ளங்கைகளை எட்டு வடிவத்தில் மெதுவாக அசைத்தால் போதும். கடல்நீர் குளத்து நீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தியானது, அங்கே மிதப்பது எளிது. ஆனால் அலை முகத்தில் அடிக்கும்; அலைக்கு முதுகு காட்டுங்கள்.

நின்ற நிலையில் மிதக்க விரும்பினால், தவளை உதைபோல இரு கால்களையும் மாற்றி மாற்றிச் சுழற்றுங்கள். சைக்கிள் மிதிப்பதுபோல வேகமாக உதைத்தால் மூன்றே நிமிடத்தில் தொடை கனக்கும்.

300 மீட்டரைத் தேர்ந்தெடுத்தால்

ஃபின்ஸ் இருப்பதால் இது எளிது என்று எண்ணிப் பழகாமலே போகிறவர்கள் உண்டு. முழங்காலை மடக்கி உதைத்தால் ஃபின் தண்ணீரை வெட்டுமே தவிரத் தள்ளாது. இடுப்பிலிருந்து, கால் நீட்டியபடி உதையுங்கள். ஸ்நோர்க்கலில் தண்ணீர் ஏறினால் 'ஃபூ' என்று ஒரே ஊதாக வெளியேற்றிவிட்டு, அடுத்த மூச்சை மெதுவாக இழுங்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால், ஃபின் நுனியைப் பிடித்து உங்களை நோக்கி இழுத்துக் காலை நீட்டுங்கள்.

பயிற்சியை ஒருபோதும் தனியாகச் செய்யாதீர்கள். உயிர்காப்பாளர் இருக்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள். வேகவேகமாக மூச்சுவாங்கிவிட்டு நீருக்கடியில் அடக்கும் போட்டி வேண்டவே வேண்டாம். மூச்சு முட்டும் உணர்வைத் தருவது கரியமில வாயுதான். வேகவேகமாக மூச்சுவாங்கி அது குறைந்துபோனால் எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம் வந்துவிடும்.

தேர்வன்று இரண்டு மணி நேரம் முன்பே இட்லிபோல லேசாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடக் கேளுங்கள். நடுவில் தரையில் கால் ஊன்றிவிட்டால் அந்த முயற்சி அதோடு முடியும். ஆனால் பயிற்சி முடிவதற்குள் மீண்டும் முயன்று பார்க்கப் பயிற்றுநர்கள் வாய்ப்புத் தருவார்கள்.