ஒரே ரெப்போ, பல ப்ராஜெக்ட்: பில்ட் டூலிடம் நாம் சொல்ல மறப்பவை

பல ப்ராஜெக்ட்டுகளை ஒரே ரெப்போவில் (கோடைச் சேமிக்கும் களஞ்சியம்) வைத்திருக்கும் டீம்கள் பேஸல், என்எக்ஸ், டர்போரெப்போ மாதிரி ஒரு பில்ட் டூலைக் கொண்டுவருவது எதற்காக? ஒரு வரி மாற்றியதற்கு மொத்தத்தையும் பில்ட் செய்துகொண்டு (கோடை ஓடக்கூடிய வடிவமாக மாற்றிக்கொண்டு) உட்காராமல் இருக்கத்தான். எந்த பேக்கேஜ் எதை நம்பியிருக்கிறது என்று பார்த்து, மாற்றம் எட்டாத பகுதியை இவை விட்டுவிடும். அப்புறம், ஒரு வேலைக்கான உள்ளீடுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஹாஷ், அதாவது உள்ளீடு மாறினால் தானும் மாறும் ஓர் அடையாளக் குறியீடு, போடும். அதே ஹாஷ் ஏற்கெனவே வந்திருந்தால், பழைய விளைவை கேஷிலிருந்து (முந்தைய விளைவுகளைச் சேமித்து வைக்கும் இடம்) எடுத்துக் கொடுத்துவிடும். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முளைக்கின்றன: கோட் எதையெல்லாம் பயன்படுத்துகிறதோ, அதை முழுசாக நாம் டூலிடம் சொல்லியிருப்பதில்லை.

டர்போரெப்போ பயன்படுத்தும் எங்கள் டீமிலேயே நடந்தது இது. ஒரு வெப் ஆப், பில்ட் ஆகும்போது ஏபிஐ முகவரியை ஒரு என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து (கோடுக்கு வெளியே வைக்கும் அமைப்பு மதிப்பு) படித்து, ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலுக்குள்ளேயே எழுதிவிடும். சோதனைச் சூழலான ஸ்டேஜிங்குக்கு பில்ட் ஓடியது. பிறகு அதே கமிட்டை (பதிவு செய்த கோட் நிலை), பயனர்கள் பார்க்கும் ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்பினோம். டெர்மினலில் ‘ஃபுல் டர்போ’ (எல்லாமே கேஷிலிருந்து) என்று வந்தது, ஒரு நொடிகூட ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் புகார்கள் வர, பிரவுசரின் நெட்வொர்க் டேபைத் திறந்து பார்த்தால் எல்லா அழைப்பும் ஸ்டேஜிங் சர்வருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கோட் மாறவில்லை, அந்த வேரியபிளின் பெயர் கான்ஃபிகில் இல்லை. டூலின் கணக்கில் இரண்டும் ஒரே பில்ட். அது சரியாகத்தான் செய்தது, எங்கள் பட்டியல்தான் குறையாக இருந்தது.

டர்போரெப்போவில் இதற்கான இடம் ‘என்வ்’ பட்டியல். 2024 ஜூனில் வந்த 2.0 பதிப்பிலிருந்து, அறிவிக்காத வேரியபிள் பொதுவாக பில்ட்டின் கண்ணிலேயே படாது. நல்ல மாற்றம். ஆனால் அதனால் பில்ட் உடையும்போது, அவசரத்தில் சிலர் அந்தப் பெயரை ‘பாஸ்த்ரூ என்வ்’ பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். அங்கே இருப்பது பில்ட்டுக்குக் கிடைக்கும், ஆனால் ஹாஷில் சேராது. எரர் போய்விடும், பழைய ஆபத்து அப்படியே திரும்பி வந்துவிடும். பில்ட்டின் விளைவை மாற்றக்கூடிய எதையும் தயவுசெய்து அங்கே போடாதீர்கள். கிட்இக்னோரில் (கிட் பதிவு செய்யாமல் விட வேண்டியவற்றின் பட்டியல்) இருக்கும், வேரியபிள்களை எழுதி வைக்கும் டாட்என்வ் ஃபைலிலும் இதே சிக்கல் உண்டு. கிட் கண்டுகொள்ளாத ஃபைல் தானாக ஹாஷில் சேராது, உள்ளீடாக நாம்தான் எழுத வேண்டும்.

பேஸல் இந்த விஷயத்தில் கறார். ஒவ்வொரு வேலையையும் சாண்ட்பாக்ஸில், அதாவது அறிவித்த ஃபைல்கள் மட்டும் தெரியும் தனி அடைப்பில், ஓட்டுவதால், ரெப்போவில் உள்ள ஒரு ஃபைலைப் பட்டியலிடாமல் படிக்கப் போனால் பில்ட் அங்கேயே நின்றுவிடும். எரிச்சலாக இருக்கிறது என்று சாண்ட்பாக்ஸை அணைத்துவிட்டால், பேஸலைக் கொண்டுவந்ததற்கான முக்கியமான காரணமே போய்விடுகிறது.

உள்ளீடு மாதிரியே வெளியீட்டையும் சொல்ல வேண்டும். ‘அவுட்புட்ஸ்’ எழுதாமல் விட்டால், கேஷ் ஹிட் ஆகும்போது டர்போரெப்போ பழைய லாகை மட்டும் காட்டும், ஃபைல் எதையும் திரும்ப வைக்காது. உங்கள் லேப்டாப்பில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் போன தடவை உருவான டிஸ்ட் ஃபோல்டர் அங்கேயே கிடக்கும். சிஐ மெஷின் (கோடைத் தானாக பில்ட் செய்து சோதிக்கும் சர்வர்) ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்ட மாதிரி தொடங்குகிறது, அங்கேதான் ‘மாட்யூல் கிடைக்கவில்லை’ என்று விழும்.

வேலைகள் ஓடும் வரிசையிலும் ஒரு சின்னக் குறி பெரிய வேலை செய்கிறது. டர்போரெப்போவின் ‘டிபெண்ட்ஸ்ஆன்’ பகுதியில் ‘பில்ட்’ என்று மட்டும் எழுதினால் அதே பேக்கேஜின் பில்ட் முதலில் ஓடும். முன்னால் ^ சேர்த்தால்தான் அது நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்களின் பில்ட் முதலில் ஓடும். குறி விட்டுப்போனால் சில நாள் அதிர்ஷ்டத்தில் ஓடும், சில நாள் ஓடாது.

பட்டியலிடாத உறவுக்கு இன்னொரு வடிவம் ஃபேண்டம் டிபெண்டென்சி. ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளை நிறுவும் டூலான என்பிஎம் பல பேக்கேஜ்களை ரெப்போவின் உச்சியில் உள்ள ஒரே ஃபோல்டருக்கு ஏற்றிவிடும். அதனால் உங்கள் ப்ராஜெக்ட்டின் பேக்கேஜ் ஃபைலில் எழுதாத லைப்ரரியைக்கூட இம்போர்ட் செய்ய முடியும். பக்கத்து ப்ராஜெக்ட்டில் ஒருவர் அந்த லைப்ரரியை நீக்கும் நாளில் உங்களுடையது உடையும். அதே வேலையைச் செய்யும் பிஎன்பிஎம், அறிவித்ததை மட்டுமே அந்தந்த ப்ராஜெக்ட்டில் இணைப்பதால், இந்தப் பிழை முதல் நாளே தெரிந்துவிடும்.

சரி, சிஐக்கு வருவோம். என்எக்ஸின் ‘அஃபெக்டட்’ கட்டளை இரண்டு கமிட்டுகளை ஒப்பிட்டுத்தான் எது பாதிக்கப்பட்டது என்று முடிவு செய்கிறது. ஆனால் சிஐ சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் கட்டம் (கோடை இறக்கும் வேலை), நாம் எதுவும் சொல்லாவிட்டால், கடைசிக் கமிட்டை மட்டும்தான் இறக்கும். ஒப்பிட வரலாறே இருக்காது. ‘ஃபெட்ச் டெப்த்’ மதிப்பை 0 என்று வைத்தால் முழு வரலாறும் வரும். இதைவிட மோசமானது சத்தமில்லாமல் நடப்பது: எல்லாருடைய மாற்றமும் வந்து சேரும் மெயின் பிராஞ்சில் ஓடும்போது மெயினோடு மெயினையே ஒப்பிட்டால் ‘எதுவும் பாதிக்கப்படவில்லை’ என்று பதில் வரும், ஒரு டெஸ்டும் ஓடாது, பச்சை டிக் மட்டும் விழும். மெயினில் ஒப்பீட்டின் தொடக்கம், கடைசியாக வெற்றிகரமாக ஓடிய கமிட்டாக இருக்க வேண்டும்.

டீம் முழுவதும் பகிரும் ரிமோட் கேஷில் எழுதும் உரிமையை சிஐக்கு மட்டும் கொடுங்கள். யாரோ ஒருவர் லேப்டாப்பில் வேறு கம்பைலர் பதிப்பில் செய்த பில்ட் எல்லாருக்கும் போய்ச் சேரக் கூடாது.

எல்லாம் ஒழுங்காக அறிவித்தும் வேகம் வரவில்லை என்றால், ‘காமன்’ அல்லது ‘யுடில்ஸ்’ என்ற பெயரில் ஒரு பேக்கேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். தேதியைக் காட்டும் ஃபங்ஷனும் லாகின் டைப்புகளும் பட்டனும் அதற்குள்ளேயே இருந்தால், எந்த மாற்றமும் எல்லா ப்ராஜெக்ட்டையும் தொடும். டூல் உண்மையைத்தான் சொல்கிறது, உங்கள் அமைப்பில் எல்லாம் எல்லாவற்றையும் நம்பியிருக்கிறது. பிரிப்பது மட்டும் போதாது, யார் யாரை இம்போர்ட் செய்யலாம் என்ற வேலியும் வேண்டும். என்எக்ஸில் அதற்கு லின்ட் (கோடைச் சரிபார்க்கும்) விதி இருக்கிறது, பேஸலில் ‘விசிபிலிட்டி’ இருக்கிறது. எல்லா இடத்திலும் ‘பப்ளிக்’ என்று எழுதிவிட்டால் வேலியே இல்லை.

டூலைத் தேர்ந்தெடுப்பதிலும் நிதானம் தேவை. கூகுள் தன் உள் டூலான பிளேஸிலிருந்து பிறந்த பேஸலை 2015-ல் ஓப்பன் சோர்ஸ் ஆக்கியது. அதே ஆண்டு கூகுளின் ரெப்போவில் சுமார் 200 கோடி வரி கோட் இருந்தது. ஐந்தாறு ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் வைத்திருப்பவருக்கு பிஎன்பிஎம் வொர்க்ஸ்பேஸும் குறிப்பிட்ட பேக்கேஜில் மட்டும் கட்டளையை ஓட்டும் அதன் ‘ஃபில்டர்’ வசதியுமே போதும் என்பது என் கருத்து. பல மொழிகள் கலந்து, பில்ட் நேரம் உண்மையிலேயே ஆளைக் கொல்லும்போது பேஸலைப் பற்றி யோசிக்கலாம்.

கேஷின்மேல் சந்தேகம் வந்தால் டர்போரெப்போவை ‘ட்ரை ரன்’ முறையில் (வேலையைச் செய்யாமல் விவரத்தை மட்டும் காட்டும் முறை) ஓட்டுங்கள். ஒவ்வொரு வேலையின் ஹாஷிலும் எந்த ஃபைல், எந்த வேரியபிள் சேர்ந்திருக்கிறது என்று காட்டும். நாங்கள் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தினமும் இரவில் கேஷ் இல்லாமல் ஒரு முழு பில்ட் ஓட்டி, அதன் விளைவை கேஷில் இருப்பதோடு ஒப்பிடுகிறோம். முதல் வாரத்திலேயே, பட்டியலில் இல்லாத இன்னும் இரண்டு வேரியபிள்கள் அதில் சிக்கின.