படர்தாமரை மாத்திரையும் கேஸ் மாத்திரையும்

"தம்பி, இது வேலையே செய்யல" என்று அட்டையை மேசைமேல் போட்டார் அந்தப் பெரியவர். இட்ராகொனசோல் 100 மில்லிகிராம். தொடையிடுக்கில் படர்தாமரை, மூன்று வாரமாகச் சாப்பிடுகிறாராம். வேறு ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா அய்யா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். காசு எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டபோது கூடவே ஒரு பான்டோப்ரசோல் அட்டையும் வந்தது.

"இது?"

"அது கேஸ் மாத்திரைப்பா. தினமும் காலையில போடுறது. அதெல்லாம் ஒரு மருந்தா?"

மருந்துக் கடையில் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பூஞ்சைக்கான மாத்திரை பலிக்காமல் போவதற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம் இதுதான். இட்ராகொனசோல் கேப்சூலைத் திறந்தால் தூள் இருக்காது, கேழ்வரகு போலக் குட்டிக் குட்டி உருண்டைகள்தான் இருக்கும். (போலி மருந்து என்று பயந்து திருப்பிக் கொண்டுவருபவர்களும் உண்டு. அதன் அமைப்பே அப்படித்தான்.) உருண்டைகளின் மேல் பூசியிருக்கும் மருந்து கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரையின் வேலையோ அந்த அமிலத்தைக் குறைப்பது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் மருந்தில் பாதி சரியாகக் கரையாமலே போய்விடலாம். காசும் போச்சு, நோயும் நிற்கிறது.

பால்போல் இருக்கும் அமில முறிப்பு டானிக் குடிப்பவர்கள் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் வகைக்கு அது பத்தாது, அவற்றின் பிடி நாள் முழுக்க இருக்கும். அதற்காக நீங்களாகவே அதை நிறுத்திவிட வேண்டாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் வேறு பூஞ்சை மாத்திரைக்கு மாற்றலாம். கேப்சூலை வெறும் வயிற்றில் போடுவதும் இதே கதைதான். வயிறார சாப்பிட்ட உடனே, மெல்லாமல் முழுதாக விழுங்க வேண்டும். ஆனால் இதே மருந்தின் திரவ வடிவத்தை வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்வார்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது, "வாரம் ஒரு மாத்திரைதானே" என்று ஃப்ளூகொனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மாத்திரையை அலட்சியமாக நினைப்பது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் உடம்பில் சிதைவதை அது தாமதப்படுத்தும். சர்க்கரை திடீரென இறங்கி வியர்த்து, கை நடுங்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து கூடும். இட்ராகொனசோலோடு கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாட்டின் சேரவே கூடாது, தசை சிதையும் அளவுக்குப் போகலாம். இதயம் பலவீனமானவர்கள், கால் வீங்குபவர்கள், நடந்தால் மூச்சு வாங்குபவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இட்ராகொனசோல் இதயத்தின் சுருங்கும் வலுவையும் குறைக்கும். சாப்பிடுகிற எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் ஞாபகம் இல்லை, வெள்ளையா சின்னதா இருக்கும் என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

சரி, மாத்திரை ஒழுங்காகப் போகிறது. பத்து நாளில் அரிப்பு நின்றுவிடும். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அரிப்பு போனதும் பூஞ்சை போய்விட்டது என்று அர்த்தமில்லை. சொன்ன நாள் வரைக்கும் சாப்பிட வேண்டும். கால் நகத்தில் வந்தால் டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மாத்திரை 12 வாரம் வரை போகும். அதற்குப் பிறகும் நகம் முழுசாகப் புதிதாய் வளர ஒரு வருஷம் ஆகலாம்.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஒரு ஆயின்மென்ட் வாங்கித் தடவுவார்கள். பூஞ்சை மருந்தும் குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டும் கலந்த களிம்பு என்றால் இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கும். அடங்குவது தோலின் எதிர்ப்புதான், பூஞ்சை உள்ளே சுகமாகப் பரவும். விட்டால் வட்டம் பெரிதாகித் திரும்பி வரும், தோலும் மெலிந்து கோடு விழும். என்னைக் கேட்டால் இந்தக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கும் என் போன்ற கடைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

மாத்திரை ஆரம்பித்த பிறகு பசி செத்துப்போய், வாந்தி வருவதுபோல் இருந்து, சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளானால் ஈரல் அடிவாங்குகிறது என்று பொருள். அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு ஈரல் ரத்தப் பரிசோதனை எழுதுவது இதற்காகத்தான். "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெரியவரை அந்த இரண்டு அட்டைகளோடும் மருத்துவரிடமே திருப்பி அனுப்பினேன். படி இறங்கும்போது நின்று கேட்டார்: "அப்போ இந்த மிச்சத்தை மருமகளுக்குக் கொடுக்கலாமா? அவளுக்கும் அரிக்குதுன்னா." மருமகள் மாசமா இருக்கிறாளா என்று கேட்டேன். அஞ்சு மாசம் என்றார். அட்டையை வாங்கி நானே வைத்துக்கொண்டேன்.