ஆயில் இன்ஜின் மக்கர் செய்யும்போது செய்யக் கூடாதவை

டெல்டாவில் ஆயில் இன்ஜினுக்கு வேலை வருவது ஆண்டில் இரண்டு சமயம். மேட்டூர் தண்ணீர் வந்து சேருமுன் குறுவை நாற்றங்காலுக்கு ஃபில்டர் பாயிண்டில் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) இறைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூழ்கிய சம்பாவை வடிக்க வேண்டும். மற்ற மாதங்களில் அது கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடக்கும். அதனால் மக்கர் செய்வதும் பயிர் காத்திருக்கும் அந்த நாளில்தான். அவசரத்தில் ஸ்பேனரை எடுத்து நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை), டீசல் பம்ப், டேப்பெட் (வால்வைத் தள்ளும் உறுப்பு) என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றிவிடுகிறார்கள். பிறகு முதலில் இருந்த கோளாறு எது, கழற்றியதால் வந்தது எது என்று மெக்கானிக்காலும் சொல்ல முடிவதில்லை.

டீசல் இன்ஜின் ஓட சுத்தமான டீசல், காற்று, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று இறுகுவது) மூன்றும் வேண்டும். எது இல்லை என்பதைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம்.

நாசிலை முதலில் கழற்றுவது

டீகம்ப்ரஷன் லிவரை (வால்வைத் திறந்து வைத்து கம்ப்ரஷனைத் தளர்த்தும் கைப்பிடி) தூக்கி, டீசல் லிவரைத் திறந்து வைத்து, ஹேண்டிலைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை நாசிலிலிருந்து 'கிர்க்' என்ற சத்தம் வர வேண்டும். வந்தால் டீசல் உள்ளே போகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். கோளாறை வேறு இடத்தில் தேடுங்கள். சத்தம் இல்லையென்றால் பத்தில் எட்டு முறை காரணம் டீசல் லைனில் ஏர் (காற்று) புகுந்திருப்பதுதான். டேங்க் காலியாகும் வரை ஓட்டியிருந்தாலோ ஃபில்டர் மாற்றியிருந்தாலோ ஏர் கட்டாயம் இருக்கும்.

அந்த ஏரை வெளியே எடுக்கும்போது டேங்கிலிருந்து நாசிலை நோக்கி வரிசையாக வர வேண்டும். டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்பி, டீசல் இறங்கும் அடைப்புத் திருகை (காக்) திறக்கவும். ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி, நுரை நின்று டீசல் கோடாக வழிந்ததும் இறுக்கவும். அடுத்து டீசல் பம்பில் உள்ள ஸ்க்ரூ, அதே முறை. கடைசியாக நாசிலில் சேரும் ஹை பிரஷர் பைப்பின் நட்டைத் தளர்த்தி, டீசல் துள்ளி வரும்வரை ஹேண்டிலைச் சுற்றி, இறுக்கவும். நாசில் நட்டை மட்டும் தளர்த்திவிட்டு அரை மணி நேரம் ஹேண்டில் சுற்றுவது வீண். ஃபில்டருக்குள் நிற்கும் காற்று, இன்ஜின் ஓட ஆரம்பித்த பத்தாவது நிமிடம் மறுபடி வந்து அடைக்கும்.

ஏர் எடுத்த பிறகும் ஓடி ஓடி நின்றால் டேங்க் மூடியைப் பாருங்கள். மூடி தொலைந்து, வாயில் பாலிதீன் தாளை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். டீசல் இறங்க இறங்க மேலே காற்று வர வழியில்லாமல் ஓட்டம் நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் சரியானால், கோளாறு மூடியில் காற்று வழி இல்லாததுதான்.

டேங்கை அரைகுறையாக வைத்து மாதக்கணக்கில் விட்டால், இந்த ஈரக் காற்றில் உள்ளே தண்ணீர் வேர்த்து அடியில் சேரும். பருவத்தின் முதல் ஓட்டத்துக்கு முன் டேங்க் அடியில் அரை லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் இறக்கி, சற்று நேரம் தெளியவிட்டுப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாக நிற்கும்.

நாசிலைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் நான்கு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். ஊக்கு, கம்பி, எமெரித் தாள் கொண்டு துவாரத்தைக் குடையாதீர்கள். நாசிலின் ஊசியும் உடலும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தியவை; இன்னொரு இன்ஜின் ஊசியை இதில் போட்டால் ஒழுகும். பழைய செம்பு வாஷர் குழியிலேயே ஒட்டியிருக்க, புதியதை மேலே போட்டு மாட்டினால் நாசில் இடத்தில் உட்காராது, புகை பக்கவாட்டில் பீறும். நாசிலை வெளியே வைத்து ஸ்ப்ரே பார்க்கும்போது கையை முன்னால் நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசிக் குத்து போலத்தான் தெரியும். அன்றே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரல் போய்விடலாம்.

கம்ப்ரஷனைப் பார்க்காமல் ரிங் மாற்றுவது

டீகம்ப்ரஷன் லிவரை இறக்கிவிட்டு ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினால் ஒரு இடத்தில் இன்ஜின் எதிர்த்துத் தள்ள வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் கம்ப்ரஷன் இல்லை. உடனே 'ரிங் போச்சு' (பிஸ்டனைச் சுற்றிய வளையம் தேய்ந்துவிட்டது) என்று முடிவு கட்டாதீர்கள். காற்று இன்ஜினுக்குள் போகும் வழியில் ஒரே ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, லிவரைத் தூக்கிச் சில சுற்று சுற்றி, மறுபடி பாருங்கள். கம்ப்ரஷன் கூடினால் ரிங் அல்லது லைனர் (சிலிண்டரின் உள் சுவர்) தேய்மானம். கூடாவிட்டால் வால்வு, கேஸ்கட். தாராளமாக ஊற்றினால் பிஸ்டன் மேலே எண்ணெய் நின்று, கனெக்டிங் ராட் (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) வளைந்துவிடும்.

ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். சுற்றிப் பிடித்தால் இன்ஜின் திருப்பி அடிக்கும்போது விரல் முறியும். தோளில் துண்டோடு பெல்ட் பக்கம் போகவே கூடாது.

புகையும் வழி காட்டும். கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு அல்லது அதிக சுமை. வெண்புகை என்றால் தண்ணீர் கலந்த டீசல் அல்லது கம்ப்ரஷன் குறைவு. நீலப்புகை, ஆயில் எரிகிறது.

தண்ணீர் வராததற்கு இன்ஜினைத் திட்டுவது

இன்ஜின் ஒழுங்காக ஓடியும் தண்ணீர் வரவில்லை என்றால் கோளாறு தண்ணீர் பம்பில், உறிஞ்சும் குழாயில், அல்லது நீர்மட்டத்தில். ஏட்டுக் கணக்கில் பம்ப் 10 மீட்டர் உறிஞ்சும். நடப்பில் 6, 7 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. சித்திரையில் மட்டம் இறங்கும்போது ஆக்சிலேட்டரைக் கூட்டுவதால் பயனில்லை. பம்பை வெறுமனே ஓடவிட்டால் கிளாண்ட் கயிறு (பம்ப் தண்டைச் சுற்றி ஒழுகாமல் அடைக்கும் கயிறு) கருகும்.

மட்டம் இறங்கியதும் குழி தோண்டி இன்ஜினையே உள்ளே இறக்குவார்கள். இதைச் செய்யவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. இன்ஜின் ஓடும் குழிக்குள் இறங்குபவர் மயங்குவார், தூக்கப் போகிறவரும் மயங்குவார். பம்பை மட்டும் இறக்கி, இன்ஜினை மேலே நிறுத்தி நீண்ட பெல்ட் போடுங்கள். கீற்றுக் கொட்டகையில் சைலன்சர் வாயும் கூரைக்கு எட்டாமல் வெளியே நீட்டியிருக்க வேண்டும்.

சூட்டைச் சமாளிக்கும் விதம்

பம்பின் டெலிவரியிலிருந்து (தண்ணீர் வெளியேறும் குழாய்) சின்னக் குழாய் போட்டுத் தண்ணீர் குளிர்விக்கும் இன்ஜின்களில் குழாயை முழுதாகத் திறந்து 'ஜில்' என்று வைப்பது தவறு. சிலிண்டர் குளிர்ந்தே இருந்தால் டீசல் சரியாக எரியாமல் ரிங் சீக்கிரம் தேயும். வெளியே வரும் தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்படி திறப்பைக் குறையுங்கள். தண்ணீர் நின்று இன்ஜின் கொதித்துவிட்டால் நிறுத்திவிட்டு தானே ஆறவிட வேண்டும். உடனே குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

டீசல் பம்பைக் கழற்றி மாட்டிய பிறகு இன்ஜின் கட்டுப்பாடின்றி எகிறினால், கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) கை, டீசல் அளவை மாற்றும் ரேக்கில் சேரவில்லை என்று பொருள். டேங்க் காக்கை மூடினால் உடனே நிற்காது. ஸ்டாப் லிவர் வேலை செய்யாவிட்டால் காற்று வாயைப் பலகையால் அடைக்கவும், கையால் அல்ல.

மூழ்கிய இன்ஜினை ஹேண்டில் போடுவது

வெள்ளம் வடிந்ததும் 'ஓடுதான்னு பார்ப்போம்' என்று சுற்றினால் ராட் வளையும். முதலில் நாசிலைக் கழற்றி, லிவரைத் தூக்கி, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றி உள்ளிருக்கும் நீரை வெளியேற்றவும். கிராங்க் அறையின் எண்ணெய், டீசல், ஃபில்டர் எல்லாம் மாற்றவும். ஏர் ஃபில்டரையும் காற்று வரும் குழாயையும் கழற்றிச் சேறு போகக் கழுவி உலர்த்தவும். சுமையில்லாமல் அரை மணி ஓட்டி, எண்ணெய் பால் நிறமாகியிருந்தால் மறுபடி இறக்கிப் புதியது ஊற்றவும்.